ஆடியில் ஒரு நத்தார்

காலை ஆறரைக்கே கம்பளிக் கோட்டை மாட்டிவிட்டார்கள்.
மதியம் முப்பத்தொரு பாகை வரும் என்றது வானொலி.
இந்த வருடத்தில் இது என் மூன்றாவது டொக்டர்.
முதலாமவர் "ஓய்வெடுங்கள்" என்றார்.
இரண்டாமவர் கதவோரம் நின்று தலையை மட்டும் அசைத்தார்,
நோயாளி போய்விட்டார் என்று அதற்குப் பொருள்.
இவருக்குப் பெயரே உண்டு: டொக்டர் பட்டேல்.
பரராஜசிங்கம் என்று வைக்கலாமே என்றேன்.
கெய்ட்லின் நல்ல பிள்ளை, சிரிக்கவில்லை.
சட்டையில் குத்தும் பெயர்ப்பட்டையை எடுத்து
அகலத்தைக் காட்டினாள்.

நார்த் பே.
பேய் இல்லை அக்கா, வளைகுடா.
கடலில்லாத ஊருக்கு என்னடா வளைகுடா?
ஏரிக்கு.
ஏரிக்குப் போய் இத்தனை பெரிய சொல்லோ என்றாள்,
மார்க்கமில் கோப்பை கழுவும் சத்தம்.
பிறகு, சும்மா கேட்பதுபோல,
புகை அங்கேயும் வருதோ?
வடக்கே காடு எரியுது, வரும் என்றேன்.
ஆடி மாதத்தில் புகை என்று யார் சொன்னாலும்
அவள் முதலில் யன்னலைச் சாத்துவாள்.
எந்தப் புகை என்று பிறகுதான் கேட்பாள்.
கேட்கும்போது அவளுக்கு வயது பதினொன்று.

பிரதான வீதியை வெர்மொன்ட் ஆக்கியிருந்தார்கள்.
பெரிய செலவில்லை: இரண்டு கொடி, கொஞ்சம் பச்சை மாலை,
சிவப்புத் தபால்பெட்டியைச் சாக்கால் மூடி
பக்கத்தில் நீலமாய் இன்னொன்று.
பனி, காகிதக்கூழ். மூட்டை மூட்டையாக வந்திறங்கியது.
வேன் ஓட்டும் ஜெர்வே சொல்கிறார்,
எல்லைக்கப்பால் இனிப் படத்துக்கும் வரியாம்,
இந்தப் பனிக்கு எப்படிப் போடுவார்கள்,
மரக்கூழென்றா வானிலையென்றா?
கேள்வி அவருக்கே பிடித்துவிட்டது.
போகும்போதும் கேட்டார், வரும்போதும் கேட்டார்.

காத்திருக்கையில் நான் யோசிப்பவை இவ்வளவுதான்.
வாகனத் தரிப்பிடத்துக் கடற்பறவைகள்
ஏன் எல்லாம் ஒரே திசை பார்த்து நிற்கின்றன?
காற்றுக்காம். எனக்கு அது போதவில்லை.
வாழைப்பழத்தில் ஸ்டிக்கர் ஒட்டிய கை
இப்போது என்ன செய்துகொண்டிருக்கும்?
கோபிதன் ஸ்காபரோவில் எடுத்த படம்?
எட்டு வருடமாய்த் தொகுக்கிறான்.
அதில் எனக்கு இன்னும் மீசை கறுப்பு.
என் மாமனாராக நடித்தவர் செத்தே போனார்.
இசை மட்டும்தான் பாக்கி என்கிறான்.

கழுத்தில் கிடந்த ஸ்டெதஸ்கோப் நிசமானது.
மூன்று டொக்டராகியும் இன்றுதான் அறிந்தேன்.
கோப்பி அண்டாவில் வைத்துக் கேட்டேன்: வயிற்றுப் பொருமல்.
காகிதப் பனியில் வைத்தேன்: ஒன்றுமில்லை.
பிறகு காட்சி.
நாயகியின் நெஞ்சில் வைத்து நான் சொல்ல வேண்டியது,
"இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை,
அதில் நத்தார்தான் இல்லை."
வைத்தேன்.
பூட்டிய வீட்டுக்குள் யாரோ
படியேறி இறங்கி மறுபடி ஏறுவதுபோல
அது ஓடிக்கொண்டிருந்தது.
இருபத்துநாலு வயதுப் பிள்ளை. முகம் நிறையச் சிரிப்பு.
வசனம் எனக்கு வரவில்லை.
தண்ணி குடிச்சனியா என்று கேட்டுவிட்டேன், தமிழில்.
கட்.

மூன்று மணிக்குச் சாம்பல் விழத் தொடங்கியது.
மெதுவாக, காகிதத்தைவிட நன்றாக.
நிறுத்தாதே என்று ஒளிப்பதிவாளர் கைகாட்டினார்,
அருமை, ஓடட்டும்.
ஓடியது. அண்மைக் காட்சியில் என் தோளில்
எந்தக் காட்டின் எந்த மரமோ உட்கார்ந்திருந்தது.
நான் தட்டிவிடவில்லை. தொடர்ச்சி கெட்டுவிடும்.

இடையில் யாரோ அந்த நீலப் பெட்டியில்
உண்மையான கடிதம் போட்டிருக்கிறார்.
பெட்டிக்கு அடி இல்லை.
உறை பனிமேல் கிடந்தது,
சட்பரியில் ஒரு மிஸஸ் லலோண்டுக்கு,
முத்திரை தலைகீழாக.
சாக்கைத் தூக்கிச் சிவப்புப் பெட்டிக்குள் போட்டேன்.
டொக்டர் தபால் போடுகிறார் என்று
வீதிக்கு அந்தப் பக்கம் ஒரு சிறுவன் படம்பிடித்தான்.

நாளை வேலையில்லை.
நாளை மறுநாள் விமானக் கடத்தல்காரன்,
வீட்டிலேயே பதிவுசெய்து அனுப்ப வேண்டும்.
இரண்டு விதமாகச் செய் என்கிறார் என் முகவர் டெனிஸ்,
பயங்கரமாக ஒன்று, நம்பும்படி ஒன்று.

வேன் கிளம்பும்போது பறவைகளைப் பார்த்தேன்.
எல்லாம் திரும்பிவிட்டன,
இப்போது புகை வரும் பக்கம் பார்த்து.
ஒன்று மட்டும் கோப்பி வண்டியைப் பார்த்தது.